வலக்கைப் பக்கம் பல்மலை

வெள்ளிக்கிழமை பிற்பகல், தேடிப்போன எட்டுப் பேரும் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். வண்டியிலிருந்து முதலில் இறங்கிய பெர்மின், தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டிப் புழுதியை உதறினார். காத்து நின்ற ஒராலியாவுக்கு அவர்கள் மேல் கோபமில்லை, வெயில் மேல்கூடக் கோபமில்லை. தான் வரைந்த வரைபடத்தின் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு நாளாக அவர்கள் சலித்துச் சலித்துத் தேடியது அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தை.

தொலைந்துபோனவன் பெயர் நிக்கானோர். இருபத்தாறு வயது. மெக்ஸிகோவில் புயெப்லா மலைப்பக்கத்துக்காரன். எல்லை தாண்டிப் பாலைவனத்தில் ஒரு கூட்டத்தோடு நடந்து வந்தவன் கணுக்கால் பிசகிப் பின்தங்கினான். கூட்டம் விட்டுவிட்டுப் போய்விட்டது. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கோ ஒரு மேட்டில் சிக்னல் கிடைத்து அக்காவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினான். அதோடு போன் செத்துப்போனது. ஜூன் மாதத்து அரிசோனாவில் தண்ணீரில்லாமல் ஒரு மனிதன் எத்தனை நாள் தாங்குவான் என்று சான் அவெலினோ ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

அந்த அக்கா செலெரினா. பெட்ரோல் பங்கை ஒட்டித் தள்ளுவண்டியில் பரீட்டோ என்னும் சுருட்டு ரொட்டி விற்பவள். தேடும் கூட்டத்துக்குச் சனிக்கிழமைதோறும் காசு வாங்காமல் சாப்பாடு கட்டிக் கொடுப்பவளும் அவள்தான். இத்தனை வருஷமாக மற்றவர்களின் தம்பிகளைத் தேடப் போகிறவர்களுக்குப் பொட்டலம் கட்டினாள். இந்த வாரம் தன் தம்பியைத் தேடப் போகிறவர்களுக்குக் கட்டினாள்.

ஒராலியா செம்புச் சுரங்கத்தின் அளவைப் பிரிவில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். சுரங்கத்தை மூடிய பிறகு பள்ளிக்கூட அலுவலகத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. ஆனால் நிலத்தை அளக்கும் புத்தி நாற்காலியில் உட்கார்ந்தால் போய்விடுமா? பாலைவனத்தில் செத்துக் கிடந்தவர்களை ஊர்க்காரர்கள் கண்டெடுக்கத் தொடங்கியபோது, அவளே முன்வந்து வரைபடம் போட ஆரம்பித்தாள். சரிவு எவ்வளவு, தரை எவ்வளவு கரடு, நிழல் எங்கே என்று எல்லாம் கணக்கிட்ட படம். அதன் மேல் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. இதுவரை எழுபத்தொன்று. அத்தனையும் பல்மலைக்கு மேற்கே ஓடும் அகன்ற ஓடைப் பக்கம் மொய்த்துக் கிடந்தன. அதனால் நிக்கானோரையும் அங்கேதான் தேடச் சொன்னாள்.

"இன்னும் ஒரு தடவை பார்க்கலாம், கொமாத்ரே," என்றார் பெர்மின். அவர் மகளுக்கு ஒராலியா ஞானத்தாய். அந்த உறவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "காலைல நாலு மணிக்கே கிளம்பிடலாம்."

"அதே இடத்துக்கா, கொம்பாத்ரே?"

"வேற எந்த இடம்? படம் போட்டது நீங்க. நான் வெறும் காலு."

சுரங்கத்தில் வெடி வைத்துப் பாதிக் காது போனவர் அவர். மெதுவாகப் பேசத் தெரியாது. தள்ளி நின்ற செலெரினாவின் காதிலும் அது விழுந்தது.

சாயங்காலம் ஒராலியா அவளைத் தன் வீட்டுச் சமையலறைக்கு அழைத்து வந்தாள். மேஜை மேல் கணினி, சுற்றிலும் எண்ணெய்க் கறை படிந்த காகிதங்கள்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னால நீயும் அந்த வழியாத்தானே வந்தே? எங்கேன்னு காட்டு."

"முன்னாலயே கேட்டீங்களே அக்கா. உங்க படம் எனக்குப் புரியாது."

"புரியாம என்ன? இது வேலி, இது ஓடை, இது பல்மலை."

செலெரினாவுக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "மேலேருந்து பார்த்தா எது மேடு எது பள்ளம்னு எனக்கு எப்படிங்க தெரியும்? நான் என்ன கழுகா? நான் நடந்துல்ல வந்தேன்!"

ஒராலியாவுக்குக் கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது. ஆறு வருஷமாகப் போட்ட படம் அத்தனையும் கழுகுக்குப் போட்ட படம். நடந்தவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அவளுடைய பரீட்டோவைத் தின்றுகொண்டு, கழுகுக்குப் படம் போட்டிருக்கிறாள்.

வழி இல்லாமல் இல்லை. சுரங்கத்தில் இருந்தபோது, மண் கொட்டிய மேடு யார் யார் வீட்டு ஜன்னலுக்குத் தெரியும் என்று கேட்டு அதிகாரிகள் அவளைக் கணக்குப் போட வைத்தார்கள். பணக்கார வீடுகளைப் பற்றித்தான் கேட்டார்கள் என்பது வேறு விஷயம். நிலத்தின் உயரக் கணக்கு கையில் இருந்தால், எந்த இடத்தில் நின்றாலும் கண்ணுக்கு என்ன தெரியும் என்று கணினி எழுப்பிக் காட்டும். ஒராலியா ஒரு ஆளின் கண் உயரத்தை வைத்தாள். எல்லை வேலியில் உடைசல் இருக்கும் இடத்தில் அந்த ஆளை நிறுத்தினாள். திரையில் சாம்பல் நிறத்தில் மலைகள் எழுந்து நின்றன.

செலெரினா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "அய்யோ. இதான். இந்த மேடுதான். போங்க, நேரா போங்க."

"இப்படியா?"

"இங்க முள்ளு இருக்கும், உங்க படத்துல இல்ல. சுத்திக்கிட்டுப் போங்க. அதோ அக்கா, பல்லு!"

வடகிழக்கில் பல்மலை தெரிந்தது. நடுவே பிளந்த இரண்டு முனையோடு, கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தது போல. நடப்பவர்கள் எல்லோருக்கும் வழிகாட்டிகள் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்றே ஒன்று: பல்லை வலக்கைப் பக்கமே வைத்துக்கொண்டு நட, மூன்றாம் நாள் தார்ச்சாலை வரும். அரை மணி நேரம் அவர்கள் சமையலறையில் உட்கார்ந்தபடி பாலைவனத்தில் நடந்தார்கள். பல் வலக்கைப் பக்கமே கூட வந்தது. ஒரு கணவாய் ஏறினார்கள்.

"இங்கதான் எல்லைப் போலீஸ் எங்களைப் பிடிச்சாங்க," என்றாள் செலெரினா. "அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு வேற வழியா வந்தேன். அன்னிக்கு இங்க உட்கார வெச்சாங்க. விடியற வரைக்கும் பல்லையே பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். இவ்வளவு தூரம் வந்தும் போச்சேன்னு. அந்தா இருக்கு பாருங்க."

ஒராலியாவின் கை அப்படியே நின்றது. திரையில் இரண்டு முனை, நடுவே பிளவு. பல்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கணவாயில் பல்மலை தெரியக்கூடாது. குறுக்கே ஒரு மலைமுகடு நிற்கிறது. அவள் அந்த உருவத்தின் மேல் சொடுக்கினாள். பெயர் வந்தது.

நாய்க்குன்று.

அது பல்மலைக்கு வெகுதூரம் மேற்கே இருக்கும் குன்று. சான் அவெலினோவிலிருந்து பார்த்தால் முன்னங்கால் மேல் தாடையை வைத்துத் தூங்கும் நாய். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதைத்தான் வரைவார்கள். ஊர் எல்லைப் பலகையிலும் அந்த நாய்தான். நாற்பத்தாறு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கிறவள் ஒராலியா. ஊரில் ஒருவருக்குக்கூட அதைத் தெற்கேயிருந்து பார்க்கத் தோன்றவில்லை. தெற்கேயிருந்து பார்த்தால் அது நாயே இல்லை.

"செலெரினா, இது பல்லு இல்ல."

"என்னக்கா சொல்றீங்க? விடிய விடியப் பார்த்தவ நான்."

"நிஜப் பல்லு இந்த இடத்துல மறைஞ்சு போகுது. அதே நேரம் இது தலை தூக்குது. இதை வலக்கைப் பக்கம் வெச்சு நடந்தா வடக்கே போக மாட்டாங்க. மேற்கே போவாங்க. அங்க ரோடும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

செலெரினா வாயைப் பொத்திக்கொண்டாள். "கிளம்புறதுக்கு முந்தின நாள் போன் பண்ணி நான்தான் சொன்னேன். என்ன ஆனாலும் பல்லை வலது கைப் பக்கம் விடாதேடான்னு, நான்தான்..."

"அழாதே. அந்தச் செய்தியைப் போடு."

இருவரும் பத்துத் தடவை கேட்டதுதான். நிக்கானோரின் குரல் மூச்சு வாங்கியது. "அக்கா, கால் வீங்கிடுச்சு. அவங்க போயிட்டாங்க. பயப்படாதே, வழி தெரியும், பல்லு வலது கைப் பக்கம்தான் இருக்கு. நடந்துக்கிட்டேதான் இருக்கேன். இப்பவே வெயில் முதுகைப் பொசுக்குது, அதான்..."

"முதுகை," என்றாள் ஒராலியா. "காலைல ஏழு மணி வெயில். வடக்கே போறவனுக்கு வலது கன்னத்துலல்ல அடிக்கணும்?"

அரை மணி நேரத்தில் பெர்மின் வந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டார். திரையை உற்றுப் பார்த்தார். பல்செட்டை நாக்கால் ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

"அப்போ மலைக்கும் பல்செட்டு இருக்குங்கிறீங்க."

"விளையாடாதீங்க, கொம்பாத்ரே."

"விளையாடல. ஆனா அந்தப் பள்ளத்தாக்குல ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லையே. ஆறு வருஷத்துல ஒருத்தன்கூடச் சாகல."

"புள்ளி வெக்க யாரு போனா? நீங்க போனீங்களா?"

"எதுக்குப் போறது? ரோடு இல்ல, மாடு இல்ல. மான் வேட்டைக்காரன்கூட எட்டிப் பார்க்க மாட்டான்." சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். பிறகு, அவருக்கே வழக்கமில்லாத மெதுவான குரலில், "நாம போற இடத்துலதான் நாம பொணத்தைப் பார்த்திருக்கோம்," என்றார்.

அதுதான் விஷயம். ஒரு உடலைக் கண்டெடுத்த இடத்தில் சிலுவை நடுவார்கள். வருஷா வருஷம் அந்தச் சிலுவைக்குப் பூ வைக்கப் போவார்கள். போகும் வழியில் இன்னொரு உடலைப் பார்ப்பார்கள், இன்னொரு சிலுவை நடுவார்கள். அந்தச் சிவப்புப் புள்ளிகள் காட்டியது செத்தவர்கள் நடந்த வழியை அல்ல, தேடியவர்கள் நடந்த வழியை.

இப்போது ஒராலியாவின் கை நிற்கவில்லை. போன் சிக்னல் எட்ட வேண்டுமென்றால் ஊரிலிருக்கும் போன் கோபுரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் அப்படி இருப்பது ஒரே ஒரு மேடு. வீங்கிய காலோடு அங்கிருந்து அவன் எவ்வளவு தூரம் போக முடியும்? சரிவையும் கரட்டையும் வைத்து ஒரு வட்டம் போட்டாள். அந்த வட்டத்துக்குள் பகல் முழுக்க நிழல் இருக்கும் இடங்கள் மூன்றுதான். உயிர் பிழைக்க நினைப்பவன் அவற்றில் ஏதாவது ஒன்றுக்குத்தான் ஊர்ந்திருப்பான்.

சனிக்கிழமை விடிந்தபோது அவர்கள் வண்டியை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தார்கள். ஆளுக்கு நாலு கேலன் தண்ணீர். இதுவரை பாலைவனத்துக்குள் கால் வைக்க மாட்டேன் என்றிருந்த செலெரினா, அன்று எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். முட்கள் அவளுக்காக விலகி வழி விடவில்லை. பாவாடை கிழிந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பள்ளத்தாக்குக்குள் இறங்கியதுமே ஒராலியாவின் கணக்குச் சரி என்று தெரிந்துவிட்டது. மினுங்காமல் இருக்கக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் செய்த தண்ணீர்க் குடுவைகள் கிடந்தன. தடம் பதியாமல் இருக்கச் செருப்பின் மேல் மாட்டும் கம்பளி உறைகளும் கிடந்தன. ஒன்றிரண்டல்ல, பல வருஷத்து வெயிலில் வெளுத்துப்போன டஜன் டஜனானவை. சரியாக இருந்ததற்காக ஒராலியாவுக்குச் சந்தோஷம் வரவில்லை.

முதல் நிழலில் ஒன்றுமில்லை. இரண்டாவது நிழல் ஒரு பாறைச் சரிவு. அதன் கீழே எலும்புகள் இருந்தன.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். இறந்தவரைக் கண்டால் தாண்டிப் போகக்கூடாது என்பது அந்தக் கூட்டத்தின் சட்டம். போட்டவர் பெர்மின்தான். உட்கார்ந்து ஜெபம் சொல்லி, கொடி கட்டி, அதிகாரிகள் வரும்வரை காவல் இருக்க வேண்டும். அரை நாள் போய்விடும். ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட அதை அவர்கள் மீறியதில்லை. செலெரினா எலும்பைப் பார்த்தாள், பழசு என்று கண்டாள், பிறகு பெர்மினின் முகத்தைப் பார்த்தாள்.

பெர்மின் தொப்பியைக் கழற்றினார். எலும்பின் முன்னால் ஒரு முழங்காலை ஊன்றினார். "மன்னிச்சுக்குங்க," என்றார், உயிரோடு இருக்கும் ஆளிடம் பேசுவது போலவே. "உங்க பக்கத்துலேயே ஒருத்தன் இருக்கான். அவன் இன்னும் உங்களை மாதிரி ஆகல. அவனைப் பார்த்துட்டு வந்துடறோம். கண்டிப்பா வருவோம்." தொப்பியைப் பக்கத்தில் இருந்த செடியில் மாட்டிவிட்டு எழுந்தார். நூற்றுப் பத்து டிகிரி பாரன்ஹீட் வெயிலில் மொட்டைத் தலையோடு நடந்தார். வேறு ஒருவரின் தொப்பியை வாங்கிக்கொள்ளவும் இல்லை.

மூன்றாவது நிழல், ஓடை இரண்டு பாறைகளுக்கு நடுவே வளையும் இடம். பெர்மின் வழக்கமான குரலைக் கொடுத்தார். சுரங்கத்தில் வெடிக்கு முன் எச்சரித்த தொண்டை. "சகோதரரே! பயப்படாதீங்க! நாங்க போலீஸ் இல்ல! தண்ணி இருக்கு, சாப்பாடு இருக்கு!"

எதிரொலிதான் வந்தது. இரண்டாம் முறை. மூன்றாம் முறை. பயந்தவன் பதில் சொல்ல மாட்டான், செத்தவனும் சொல்ல மாட்டான். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

செலெரினா அவரைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "டேய் வெட்டுக்கிளி!" என்று கத்தினாள். சின்ன வயதில் நெட்டைக் கால்களுக்காக அவனுக்கு வைத்த பெயர். "டேய் வெட்டுக்கிளி, எங்கடா இருக்கே? வாயைத் திறந்து தொலையேண்டா!"

அப்புறம் வளைவுக்குள்ளிருந்து, செருப்பைத் தரையில் தேய்த்தது போல் ஒரு குரல். "கத்தாதே. ஊரே பார்க்கப் போகுது."

ஊர் எங்கே இருக்கிறது அங்கே! ஒராலியா சிரித்தாள். சிரிப்பதாகத்தான் நினைத்தாள், முகமெல்லாம் கண்ணீர்.

அவன் ஒரு பாறைச் சுனையின் ஓரத்தில் கிடந்தான். பகலெல்லாம் வெயில் படாத இடத்தில், பச்சைப் பாசி பிடித்து, முழங்கால் ஆழத்துக்கு, எப்போதோ பெய்த மழையின் தண்ணீர். புழு நெளிந்த அந்தத் தண்ணீரைச் சட்டையில் வடிகட்டிக் குடித்திருக்கிறான். உதடு வெடித்திருந்தது, கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. செலெரினா அவன் தலையை மடியில் எடுத்து வைத்து, முதலில் முத்தமிட்டாள், பிறகு முதுகில் ஒரு போடு போட்டாள்.

"அக்கா," என்றான் அவன். திட்டு வாங்கும் தம்பியின் குரல். "நீ சொன்ன மாதிரிதான் வந்தேன். ஒரு நிமிஷம்கூட விடல. பல்லை வலது கைப் பக்கமேதான் வெச்சிருந்தேன்."

"ஆமாண்டா கண்ணு. நீ சரியாத்தான் நடந்தே. மலைதான் தப்பா நின்னுச்சு."

பெர்மின் பாறையில் உட்கார்ந்துவிட்டார். மொட்டைத் தலை செம்பாகச் சிவந்திருந்தது. "கொமாத்ரே," என்று வழக்கமான முழுத் தொண்டையில் கத்தினார். "எழுபத்தொரு பேரைச் சுமந்திருக்கேன். என்கிட்ட பேசினவன் இவன்தான் முதல்ல!"

அதற்கு மேல் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். சுரங்கத்தில் கிரேன் ஓட்டிய முரட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்து குழந்தை போல அழுதார். செலெரினா கட்டிக் கொண்டுவந்த பரீட்டோவில் பாதியை, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நிக்கானோரே பறித்துக்கொண்டான். ஒராலியாதான் அதட்டி, உப்புத் தண்ணீரை முதலில் கொடுக்கச் செய்தாள். செயற்கைக்கோள் போனில் தகவல் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஹெலிகாப்டர் வந்தது.

ஆஸ்பத்திரிக்கு அப்புறம் அவன் ஒரு நீதிபதியின் முன்னால் நிற்க வேண்டும். என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இருக்கட்டும். உயிரோடு இருப்பவனுக்குத்தான் வழக்கு. ஊருக்கு ஒரு வக்கீலைத் தேடத் தெரியும், அதற்குப் பாலைவனத்தில் இறங்க வேண்டியதில்லை.

ஹெலிகாப்டர் மறைந்ததும் யாரும் சொல்லாமலே எல்லோரும் இரண்டாவது நிழலுக்குத் திரும்பினார்கள். பெர்மினின் தொப்பி அங்கேயே இருந்தது. சாயங்காலம் அதிகாரிகள் வரும்வரை காவல் இருந்தார்கள். கொடுத்த வாக்கு கொடுத்த வாக்குதான். எலும்பின் பக்கத்தில் கிடந்த பையில் ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் கிடைத்தன. ஏழு வருஷமாக வராத ஒரு செய்தி அன்று ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரமே அந்தக் கணவாயில் தண்ணீர் நிரப்பிய நீலப் பீப்பாய் ஒன்று உட்கார்ந்தது. அதன் மேல் பெர்மின் பெயின்டால் கொட்டை எழுத்தில் எழுதினார்: "அது பல் இல்லை, நாய். பல் உனக்குக் கிழக்கே, மறைந்து நிற்கிறது. தண்ணீர் குடி. வடக்கே நட." கீழே, படிக்கத் தெரியாதவர்களுக்காகச் செலெரினா ஒரு நாயை வரைந்து, குறுக்கே கோடு போட்டாள். நாய் என்னவோ ஆடு மாதிரிதான் இருந்தது. எட்டாம் நாள் போய்ப் பார்த்தபோது பீப்பாயில் பாதித் தண்ணீர் குறைந்திருந்தது. அந்தப் பாதியைக் குடித்தவர்கள் யாரென்று தெரியாது. அவர்களுக்கு ஒராலியாவின் படத்தில் புள்ளி கிடையாது.

ஆனால் நிக்கானோருக்கு ஒரு புள்ளி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிந்து வந்து, மதியம் ஒராலியா கணினியைத் திறந்தாள். படிவம் அவளே ஆறு வருஷத்துக்கு முன் செய்தது. புள்ளியின் நிறம் என்ற இடத்தில் சிவப்பு மட்டும்தான் இருந்தது. வேறு நிறம் தேவைப்படும் என்று அன்று நினைக்கவில்லை. பத்து நிமிஷம் செலவழித்து ஒரு பச்சையைச் சேர்த்தாள். பெயர், தேதி, இடம் எல்லாம் நிரப்பினாள். கடைசிக் கட்டத்தில் வழக்கம்போல் நின்றது அந்தக் கேள்வி: உடலின் நிலை.

பாறைச் சரிவில் கண்ட எலும்புகளோடு சேர்த்து எழுபத்திரண்டு முறை அவள் நிரப்பிய கட்டம் அது. இந்த முறை கொஞ்சம் யோசித்துவிட்டு, "பசியோடு இருந்தது. அக்காவை எதிர்த்துப் பேசியது," என்று எழுதினாள்.